ஹைலம் பட்டையில் விழுந்த காது

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் நான் வேலை செய்யும் கம்பெனியில் கறுப்பு கிரானைட் பலகைகளில் இறந்தவர்களின் முகங்களைப் பொறிக்கிறோம். கல்லறைகளுக்கும் சமாதிகளுக்கும் போகிற கற்கள் அவை. போட்டோ ஸ்டுடியோவிலிருந்து பென் டிரைவில் படம் வரும். நான் கல்லை மெஷினுக்குள் வைத்து, மூடியை இறக்கிப் பொத்தானை அழுத்துவேன். லேசர் கீழிருந்து மேலாக, வரி வரியாக, கல்லைப் புள்ளி புள்ளியாகச் சுட்டுக்கொண்டே போகும். சுட்ட இடம் வெளுக்கும். சுடாத இடம் கறுப்பாகவே நிற்கும். முதலில் சட்டைப் பொத்தான் வரும், பிறகு கழுத்து, மோவாய், உதடு. கண்கள் வர முக்கால் மணி நேரம் ஆகும்.

நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவன். இந்த மெஷினுக்கு வருவதற்கு முன் அதே கம்பெனியின் பின்பக்கக் கொட்டகையில் பதினோரு வருடம் கல்லுக்குப் பாலிஷ் போட்டேன். அங்கே நாள் முழுக்க ரப்பர் பூட்ஸோடு தண்ணீரில் நிற்க வேண்டும். நான்கு பேர் நான்கு மெஷின்களை ஓட்டிக்கொண்டு, அந்தச் சத்தத்துக்கு மேல் கத்திப் பேசிக்கொண்டிருப்பார்கள். கால்விரல் இடுக்கில் வந்த சேற்றுப்புண்ணைவிட அந்தப் பேச்சுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. நாலு பேர் நடுவில் எனக்குப் பேச வராது. வாயைத் திறந்தால் சொல்ல வந்தது மறந்துவிடும்.

லேசர் மெஷின் வந்தபோது முதலாளி என்னைக் கூப்பிட்டார். கல்லை விளிம்பு உடையாமல் தூக்கி வைப்பவன் என்பதைத் தவிர என்னிடம் வேறு தகுதி இல்லை. மெஷினுக்குத் தனி அறை. கண்ணாடிக் கதவு, ஒரு மின்விசிறி, ஒரு ஸ்டூல். கதவைச் சாத்தினால் நானும் மெஷினும் மட்டும். அப்படி ஓர் இடம் அதற்கு முன் எனக்கு எங்கேயும் கிடைத்ததில்லை, வீட்டிலும்கூட.

பூந்தமல்லிப் பக்கத்தில் புதிதாக ஒரு ஸ்டுடியோக்காரர் எங்களுக்குப் படம் அனுப்பத் தொடங்கிய பிறகு ஒரு கோளாறு வந்தது. முதலில் கெட்டது ஒரு பெரியவரின் கல். படத்தில் அவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நாற்காலியின் கைப்பிடி நுனி படத்தின் வலது ஓரத்தில் இருந்தது. கல்லில் அந்த நுனி இடது ஓரத்தில் வந்து நின்றது. படம் முழுவதும் கொஞ்சம் வலப்பக்கம் தள்ளிப் போய், அங்கே இடம் போதாத பகுதி சுற்றிக்கொண்டு இடப்பக்கம் வந்துவிட்டது போல் இருந்தது.

முதலாளி ஸ்டுடியோவுக்குப் போன் செய்தார். அங்கே கம்ப்யூட்டரில் படம் சரியாக இருந்தது. எங்கள் மெஷினின் திரையிலும் சரியாகவே இருந்தது. கல்லில் மட்டும் தப்பு. படத்துக்கும் கல்லுக்கும் நடுவில் இருந்தவன் நான் ஒருவன்தான்.

"இன்னாபா, கல்லு வெக்கிறப்போ கையி நடுங்குதா?" என்றார் முதலாளி.

"நல்லாத்தான் வெச்சேன்."

"நல்லா வெச்சா அந்தாண்ட கீற சேரு இந்தாண்ட எப்பிடி வரும்? நடந்தா வந்துச்சி?"

பாலிஷ் கொட்டகையிலிருந்து கல்லைத் தூக்க வந்திருந்தவர் சிரித்தார். அவர் என்னோடு பதினோரு வருடம் தண்ணீரில் நின்றவர். "சேரு நடக்கலண்ணாத்தே, பெர்சு எய்ந்து மாறி குந்தினுகீது," என்றார். முதலாளியும் சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன்.

கல்லைத் தவறாக வைத்தால் படம் ஓரத்தில் வெட்டுப்படும், சுற்றிக்கொண்டு மறுபக்கம் வராது. இந்தப் பதில் எனக்குத் தோன்றியபோது நான் ஏறிய பேருந்து சென்னீர்குப்பத்தைத் தாண்டியிருந்தது. எனக்குப் பதில்கள் அப்படித்தான் வரும், குத்தம்பாக்கத்தில் இறங்குவதற்குக் கொஞ்சம் முன்னால்.

அடுத்த இரண்டு வாரத்தில் இன்னும் மூன்று கற்கள் அதே மாதிரி கெட்டன. மூன்றும் அந்த ஸ்டுடியோவின் படங்கள். கெட்ட கற்களைப் பின்சுவரோரம் சாய்த்து வைத்திருந்தார்கள். ஒரு நாள் மதியம் எல்லோரும் சாப்பிடப் போன பிறகு வெர்னியர் அளவுகோலை எடுத்துக்கொண்டு போய், இடப்பக்கம் வந்துவிட்ட பட்டையின் அகலத்தை நான்கிலும் அளந்தேன். ஒரு கல் ஒன்றரை அடி, இன்னொன்று இரண்டடி, மற்ற இரண்டும் சின்னவை. ஆனால் நான்கிலும் பட்டை ஒரே அளவு. எட்டு புள்ளி நான்கு மில்லிமீட்டர். கை நடுங்கியதால் வந்த தப்பு இப்படி நான்கு முறையும் ஒரே அளவில் வராது. அது என் தப்பில்லை என்று எனக்குத் தெரிந்தது அன்றைக்குத்தான். அதை முதலாளியிடம் சொல்லியிருக்கலாம். ஆனால் அவர் அறைக்குள் எப்போதும் இரண்டு பேராவது உட்கார்ந்திருப்பார்கள்.

சொல்வதற்குப் பதிலாக ஒரு காரியம் செய்தேன். எங்கள் தெருக்கோடியில் பழைய மின்பலகைகளைப் பிரித்து விற்கும் கடை உண்டு. அங்கே ஹைலம் என்று சொல்கிற பழுப்பு நிறக் கெட்டிப் பலகை கிடைக்கும். கல்லின் கனத்துக்கே ஒரு துண்டு வாங்கி, நீளப் பட்டையாக அறுத்து, அகலம் எட்டு புள்ளி நான்குக்கு வரும்வரை அரத்தால் தேய்த்தேன். மெஷினுக்குள் கல்லை இடப்பக்கம் ஒரு தடுப்போடு ஒட்டி வைக்க வேண்டும். அந்த ஸ்டுடியோவின் படம் வந்தால், தடுப்புக்கும் கல்லுக்கும் நடுவில் இந்தப் பட்டையைச் செருகினேன். கல் எட்டு புள்ளி நான்கு வலப்பக்கம் நகர்ந்து உட்கார்ந்தது. இடம் மாறி வரும் ஓரம் கல்லில் விழாமல் பட்டையின் மேல் விழுந்தது. கல்லில் முகம் தன் இடத்தில் வந்தது.

கல்லின் வலது ஓரத்தில் அந்த அளவுக்கு ஒரு பென்சில் கனத்தில் ஒன்றும் பொறிக்காத கறுப்பு நிற்கும். ஆனால் பெரும்பாலான படங்களில் ஓரம் வெறும் திரைதான். அங்கே ஒன்றும் இல்லாமல் போனதை யாரும் பார்க்கவில்லை.

தடுப்பும் பழுப்பு நிறம், பட்டையும் பழுப்பு நிறம். வேலை முடிந்ததும் கல்லோடு சேர்த்து ஒரே பிடியில் எடுத்துவிடுவேன். பல மாதம் இப்படியே போனது. ஒரு கல்லும் திரும்பி வரவில்லை. "இப்பதான்பா ஒனக்கு கையி பழகிருக்குது," என்றார் முதலாளி. பாலிஷ்காரர், "மாமே, இன்னா மந்திரம் போட்ட?" என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றேன்.

பட்டையை ஸ்டூலுக்கு அடியில் ஒரு துணியில் சுற்றி வைத்திருந்தேன். அதன் மேல் எத்தனையோ பேருடைய படங்களின் ஓரம் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்திருந்தது. திரைச்சீலை மடிப்பு, தோள், சேலைத் தலைப்பு, மாலையின் பூ. எதுவும் எதுவாகவும் தெரியாமல் ஒரு சாம்பல் பூச்சாக ஆகியிருந்தது. அடிமுனையில் மட்டும் ஒரு கோடு, மயிரிழை போல, ஆழமாக விழுந்திருந்தது. ஒவ்வொரு படத்துக்கும் அது அதே இடத்தில் விழும். மெஷின் வேலையைத் தொடங்குகிற இடத்தில் போடும் குறி என்று நினைத்து விட்டுவிட்டேன்.

அப்புறம் ஆவடியிலிருந்து ஒருவர் வந்தார். ராணுவத் தளவாட ஆலையில் வேலை, குவார்ட்டர்ஸில் குடியிருப்பு. நாகர்கோவில் பக்கத்து ஆள் என்பது பேச்சிலேயே தெரிந்தது. அப்பா முன்பே இறந்துவிட்டார். அம்மா இறந்து ஒரு வருடம் ஆகப்போகிறது. அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை கல்லறையில் ஜெபம் வைத்திருந்தார்கள். அதற்குள் இரண்டு பேரும் சேர்ந்திருக்கும் கல்லை நட வேண்டும். அப்பாவும் அம்மாவும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்த படம் அவரிடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. யாரோ ஒரு கல்யாண வீட்டில் எடுத்தது. அதிலும் அம்மா ஓரத்தில் இருந்தார். அவருடைய காதோடு படம் முடிந்துவிடும். காதில் கல் வைத்த கம்மல். அந்தப் பூந்தமல்லி ஸ்டுடியோதான் படத்தைச் சுத்தம் செய்து அனுப்பியது.

படத்தைத் திரையில் பார்த்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது. பட்டை வைத்தால் அம்மாவின் காது பட்டைக்குப் போய்விடும். வைக்காவிட்டால் அப்பாவின் தோளுக்கு அந்தப் பக்கம் ஒரு காது தனியாகத் தொங்கும். காது இடம் மாறி நிற்பதைவிட இல்லாமல் இருப்பது மேல் என்று நினைத்து, பட்டையை வைத்தேன்.

கல்லைப் பார்க்க அவர் வந்தபோது முதலில் அப்பாவின் முகத்தைப் பார்த்தார். பிறகு வலது ஓரத்தை விரலால் தடவினார்.

"எங்கம்மைக்கு இந்தக் காது எங்க அண்ணாச்சி?"

முதலாளி என்னைப் பார்த்தார்.

"போட்டோவுல இருக்குல்லா," என்று அவர் போனை எடுத்துக் காட்டினார். கோபப்படவில்லை. "இந்தக் கம்மல் எங்க அப்பா வாங்கிப் போட்டது. ஆசுபத்திரியில கழத்தச் சொன்னப்பகூட அம்மை கழத்த மாட்டேன்னுட்டு. அது இல்லாம இந்தக் கல்ல வச்சா எந்தங்கச்சி என்னைய உண்டு இல்லன்னு ஆக்கிப்போடுவா."

அவர் போன பிறகு முதலாளி என் அறைக் கதவைத் திறந்து பாதி உடம்பை உள்ளே விட்டு நின்றார். "மறுபடியும் ஆரம்பிச்சிட்டியா? இன்னொரு கல்லு இப்பிடி வந்துச்சின்னா நீ பாலிஷுக்கே போய்டு. ஐடிஐ முடிச்ச ஆளு ஒர்த்தன் இந்த சீட்ட கேட்டுகினு கீறான்." போகும்போது கதவைச் சாத்தாமல் போனார்.

மெஷினின் கட்டுப்பாட்டுப் பெட்டியையும் அதற்குள் ஓடும் புரோகிராமையும் செய்து கொடுத்தது எங்களுக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கும் ஒரு சின்னக் கம்பெனி. முதலாளி அவர்களையும் கூப்பிட்டார். யார் பக்கம் தப்பு என்று ஒரேயடியாகப் பார்த்துவிட வேண்டும் என்றார். மறுநாள் காலையில் முப்பது வயதுக்கு மேல் இருக்கும் ஒரு பெண் மடிக்கணினியோடு வந்தார். புரோகிராம் எழுதுகிறவர். என் ஸ்டூலைக் கொடுத்தேன். அதன் அடியில் இருந்த துணிச்சுருளைக் காலால் தள்ளிக்கொண்டு நான் மெஷின் பக்கம் நின்றுகொண்டேன்.

"நீங்க வழக்கமா எப்படி வைப்பீங்களோ அப்படியே வைங்கண்ணா. நான் பாக்கறேன்," என்றார்.

விளிம்பு உடைந்த ஒரு கல்லை எடுத்து வைத்தேன். வழக்கமாக எப்படி வைப்பேனோ அப்படியே வைத்தேன். வேண்டுமென்று செய்யவில்லை. கை தானாகப் பட்டையைச் செருகியது. மூடியை இறக்கிய பிறகுதான் என்ன செய்தேன் என்பது தெரிந்தது. அப்போதே சொல்லியிருக்க வேண்டும். அவர் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சரி, முடியட்டும் என்று நின்றேன்.

ஒரு மணி நேரம் கழித்துக் கல்லை எடுத்தேன், அதோடு வந்த பட்டை மறுபடி துணிக்குள் போனது. கல் முந்தையதைப் போலவேதான் இருந்தது. அப்பா சரி, அம்மா சரி, காது இல்லை, வலது ஓரம் கறுப்பு.

"வலது பக்கம் கட் ஆவுது. அப்போ அகலத்தைத் தப்பா படிக்குது," என்றார் அவர். அதைத் தனக்குத்தானே சொல்லிக்கொள்வது போலவும் எனக்கு விளக்குவது போலவும் சொன்னார். படம் இருக்கும் கோப்பில் முதலிலேயே புள்ளிகள் வந்துவிடாது. ஆரம்பத்தில் ஒரு தலைப்பகுதி இருக்கும், பார்சலின் மேல் ஒட்டிய சீட்டு மாதிரி. படம் எத்தனை புள்ளி அகலம், எத்தனை உயரம் என்றெல்லாம் அதில் எழுதியிருக்கும். அதற்குப் பிறகு நிறங்களின் அட்டவணை. அதற்கும் பிறகுதான் படம். அந்தத் தலைப்பகுதியைப் படிப்பதற்கு மெஷினின் புரோகிராமில் ஒரு சின்னத் துண்டு உண்டு. அதை ஃபங்ஷன் என்றார். சி என்ற மொழியில் எழுதியது. திரையில் முப்பது முப்பத்தைந்து வரிகள் இருந்தன. ஒவ்வொரு வரியின் முடிவிலும் ஒரு புள்ளியும் அதன் அடியில் ஒரு காற்புள்ளியும்.

படித்த எண்களைத் திரையில் காட்டும்படி அதில் நடு நடுவே புதிய வரிகளைச் சேர்த்தார். ஓட்டினார். "நாலாயிரம். மூவாயிரம். எல்லாம் கரெக்டா இருக்கே." மறுபடி ஓட்டினார். கடைசி வரி வரைக்கும் எத்தனை புள்ளி லேசருக்குப் போனது என்று எண்ண வைத்தார். ஒன்றும் குறையவில்லை. பதினொன்றரை மணிக்கு டீ வந்தது. அது ஆறி ஆடை படிந்தும் அவர் எடுக்கவில்லை.

"வரிக்கு நாலாயிரம் புள்ளி போவுதுண்ணா. ஒண்ணுகூட கொறையல. ஆனா கல்லுல ஓரத்துல இல்ல. அப்போ இந்த எட்டு மில்லி எங்கதான் போவும்?"

அது என் காலுக்கருகில், துணிக்குள் இருந்தது. எட்டு இல்லை, எட்டு புள்ளி நான்கு என்றுகூடச் சொல்லத் தோன்றியது. சொல்லவில்லை.

ஒரு மணி வாக்கில் முதலாளி வந்தார். அவர் பின்னால் பாலிஷ்காரரும், இன்னும் ஒருவரும் நின்றார்கள். அந்தப் பெண் எழுந்து, மறைக்காமல் சொன்னார்: "சார், சாஃப்ட்வேர்ல ஒண்ணும் தப்பு தெரியல. முழு படமும் லேசருக்குப் போவுது. கல்லு வைக்கிற இடத்துலதான் ஏதோ..."

"அதத்தான் நான் முதல்லேர்ந்து சொல்லிகினு கீறேன்," என்றார் முதலாளி. என்னைப் பார்க்கவில்லை. "அவன் கையிதான்."

"வா மாமே, ஒன் பூட்சு இன்னும் ஆணியிலதான் மாட்டிக்கினு கீது," என்றார் பாலிஷ்காரர். ஆறுதலாகத்தான் சொன்னார் என்று நினைக்கிறேன்.

மூன்று பேர் நின்றுகொண்டு என்னைப் பார்த்துக்கொண்டிருக்கையில் எனக்கு ஒரு வார்த்தையும் வராது. அது எனக்குத் தெரியும். குனிந்து துணியை எடுத்துப் பிரித்து, பட்டையை அந்தப் பெண்ணின் மடிக்கணினியின் மேல் வைத்தேன். விசைகளின் மேலேயே வைத்துவிட்டதால் திரையில் ஒரே எழுத்து வரிசையாக ஓடத் தொடங்கியது. அவர் பட்டையை எடுத்துக்கொண்டு அதை நிறுத்தினார்.

"இது இன்னா?" என்றார் முதலாளி.

"கல்லுக்கு முன்னாடி வைப்பேன்," என்றேன். "ஓரம் இதுல விழுந்துடும்."

அந்தப் பெண் பட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சாம்பல் பூச்சின் மேலே, கடைசியாக இரண்டு முறை விழுந்த காது மட்டும் தெளிவாகத் தெரிந்தது. கம்மலின் கற்கள்கூடத் தெரிந்தன.

"அண்ணா, காலையிலேர்ந்து இது உங்க கால்கிட்டயா இருந்துச்சு?"

தலையாட்டினேன். அவர் சிரித்துவிட்டார். எரிச்சலிலா வேறு எதிலா என்று எனக்குத் தெரியவில்லை. "அப்போ படம் கட் ஆவல. நகருது. நான் காலையிலேர்ந்து வேற எதையோ தேடிட்டிருக்கேன். எவ்ளோ நகருது?"

"எட்டு புள்ளி நாலு. எந்தப் படமா இருந்தாலும் அதான்."

"மில்லிக்குப் பத்து புள்ளி. அப்போ எண்பத்திநாலு..." என்று நிறுத்தினார். பிறகு பட்டையின் அடிமுனையைக் கண்ணுக்கு அருகில் கொண்டுபோனார். "இந்தக் கோடு என்ன?"

"எப்பவும் விழும். எல்லாப் படத்துக்கும்."

லென்ஸ் கேட்டார். கல்லில் கண்களைச் சரிபார்க்க நாங்கள் வைத்திருப்பதைக் கொடுத்தேன். அவர் வெகுநேரம் பார்த்தார். உதடு மட்டும் அசைந்தது. "மூணு புள்ளி, ஒரு கேப். மூணு புள்ளி, ஒரு கேப்." கடைசியில், "இருபத்தொண்ணு வாட்டி," என்றார். "நாலு இன்டு இருபத்தொண்ணு எண்பத்திநாலு." லென்ஸை வைத்துவிட்டு உட்கார்ந்தார். "இது படமே இல்ல சார். நிற அட்டவணை. ஒவ்வொரு நிறத்துக்கும் மூணு எண் இருக்கும், நாலாவது சும்மா சைபர். அட்டவணையோட வால, படம்னு நெனச்சி கல்லுல சுட்டுக்கிட்டிருக்கு."

ஒவ்வொரு படத்திலும் வேறாக இருந்ததெல்லாம் பட்டையில் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து அழிந்து போயிருந்தது. எல்லாப் படத்திலும் ஒரேமாதிரி இருந்தது மட்டும் ஆழமாகி நின்றிருந்தது. ஒரு கல்லை மட்டும் பார்த்திருந்தால் அந்தக் கோடு கண்ணில் படாது என்றார் அவர்.

பிறகு அந்த முப்பத்தைந்து வரிகளில் ஒரு வரியைக் காட்டினார். அதில் ஆயிரத்து எழுபத்தெட்டு என்று ஓர் எண் இருந்தது. படம் எத்தனையாவது இடத்தில் தொடங்குகிறது என்பதைக் கோப்பின் சீட்டிலேயே எழுதியிருப்பார்கள். திரையில் படம் காட்டும் துண்டு அதைப் படிக்கிறது, லேசருக்கு அனுப்பும் இந்த ஃபங்ஷன் அதைப் படிக்கவே இல்லை. எப்போதும் ஆயிரத்து எழுபத்தெட்டுதான் என்று வைத்துக்கொண்டு நேராக அங்கே போய்விடுகிறது. பழைய ஸ்டுடியோக்களின் கோப்புகளில் அது சரி. புதிய ஸ்டுடியோக்காரர் வைத்திருக்கும் புதிய மென்பொருள் சீட்டை எண்பத்துநான்கு இடம் நீளமாக எழுதுகிறது. அதனால் படமும் எண்பத்துநான்கு இடம் தள்ளித் தொடங்குகிறது. ஒவ்வொரு வரியின் கடைசி எண்பத்துநான்கு புள்ளியும் அடுத்த வரியின் தொடக்கத்துக்குப் போய்விடுகிறது.

"இத எழுதுனது யாரு?" என்றார் முதலாளி.

"நான்தான் சார். வேலைக்குச் சேந்த புதுசுல எழுதுனது. அப்போ வந்த எல்லா ஃபைலும் ஆயிரத்து எழுபத்தெட்டுலதான் ஆரம்பிச்சுது. செக் பண்ணிருக்கணும், பண்ணல. எங்க ஆபீஸ்ல நானே சொல்லிடறேன்."

அவர் அதைக் குரல் தாழ்த்தாமல் சொன்னார். அங்கே நாங்கள் நான்கு பேர் நின்றுகொண்டிருந்தோம்.

அந்த வரியை அழித்து வேறு வரி எழுதினார். கால் மணி நேரத்தில் மெஷினில் ஏற்றிவிட்டார். இன்னொரு உடைந்த கல்லை வைத்தேன். தடுப்பின் பக்கம் போன என் கை காலியாக நின்றது. கல்லை நேராகத் தடுப்போடு ஒட்டி வைத்து மூடியை இறக்கினேன். அந்த ஒரு மணி நேரமும் முதலாளி அறையை விட்டுப் போகவில்லை. காது வரத் தொடங்கும்போது அவர் மெஷின் மூடியின் கண்ணாடியில் முகத்தை ஒட்டிக்கொண்டு நின்றார். கம்மல் வந்தது. இடப்பக்கம் அப்பாவின் தோளுக்கு வெளியே வெறும் திரை. அடியில் கோடு இல்லை.

அந்தப் பெண் கிளம்பும்போது பட்டையைத் தான் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். அலுவலகத்தில் காட்டவேண்டுமாம். கொடுத்தேன்.

அவர் போன பிறகு முதலாளி ஸ்டூலில் உட்கார்ந்தார். "இது எத்தினி மாசமா?"

"அந்த ஸ்டுடியோ படம் எல்லாத்துக்கும்."

"எல்லா கல்லும் ஓரம் இல்லாமலா போயிருக்கு?"

"ஆமா."

"எங்கிட்ட பொய்யி சொல்லிகினு இருந்துகிற."

"பொய் சொல்லல."

"சொல்லாம இருந்துகிறல்ல? ஒன் கையி நல்லா கீதுன்னு நான் ஊருக்கெல்லாம் சொல்லிகினு திரியறேன்." ஸ்டூலிலிருந்து எழுந்தார். "இந்தக் கல்ல நீயே போட்டு முடி. அப்பறம் பாத்துக்கலாம்."

அன்றைக்கே நல்ல கல்லில் போட்டு முடித்தேன். மறுநாள் ஆவடிக்காரர் வந்தார். ஒன்றும் கேட்காமல் நேராகக் குனிந்து அம்மாவின் கம்மலை நகத்தால் தொட்டுப் பார்த்தார். பிறகு ஒரு துணியால் கல் முழுவதையும் துடைத்தார். நாங்கள் ஏற்கெனவே துடைத்திருந்தோம். ஆட்டோவில் ஏற்றும்போது, "அண்ணாச்சி, காதுள்ள பக்கம் மேல இருக்கட்டும்," என்று மட்டும் சொன்னார்.

அதற்கு அடுத்த நாள் காலையில் நான் எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் வாசலில் நின்றேன். இடப்பக்கம் போனால் கொட்டகை. பாலிஷ்காரர் அங்கிருந்து என் பழைய பூட்ஸைத் தூக்கிக் காட்டி ஆட்டினார். முதலாளியின் அறைக் கதவு சாத்தியிருந்தது. லேசர் அறையை எட்டிப் பார்த்தேன். மெஷின் மேல் அன்றைய பென் டிரைவ் இருந்தது. அதற்கு அடியில் ஒரு சின்ன நோட்டும், நூலில் கட்டிய பேனாவும். நோட்டின் முதல் பக்கத்தில் முதலாளியின் கையெழுத்தில், 'வாயில வரலன்னா இதுல எழுது' என்று இருந்தது. நான் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

முதல் சில வாரம் நோட்டில் எழுத ஒன்றும் இல்லை. பிறகு கண்ணாடியில் தூசி, மூடியின் கீல் இறுக்கம் என்று எழுதினேன். பிறகு கொஞ்சம் நீளமாக எழுத வந்தது. இப்போது மூன்றாவது நோட்டு ஓடுகிறது. முதலாளி படிக்கிறாரா என்று தெரியாது. ஒருமுறை ஓரத்தில் 'ற இல்ல ர' என்று திருத்தியிருந்தார்.

பட்டை வைத்துச் செய்த கற்களை என்ன செய்வது என்று நோட்டில் ஒரு பக்கம் எழுதி வைத்தேன். அதற்கு அவர் நேரில் வந்து பதில் சொன்னார். "எவனும் கேக்கல. வுடு."

அந்தக் கற்களில் ஒன்று பூந்தமல்லிப் பக்கத்துக் கல்லறைத் தோட்டத்தில் இருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த வழியாகப் போனபோது உள்ளே போய்ப் பார்த்தேன். ஒரு நடுவயதுக்காரரின் முகம். யாரோ செவ்வந்தி மாலை போட்டிருந்தார்கள். மாலையைக் கொஞ்சம் விலக்கினேன். வலது ஓரத்தில் மேலிருந்து கீழ்வரை ஒன்றும் பொறிக்காத கறுப்பு, ஒரு பென்சில் கனத்துக்கு. அங்கே படத்தில் என்ன இருந்தது என்று நினைத்துப் பார்த்தேன். நினைவுக்கு வரவில்லை. மாலையை இருந்த இடத்திலேயே விட்டுவிட்டு வெளியே வந்தேன்.

பட்டை இன்னும் இரண்டு தெரு தள்ளி அந்தப் பெண்ணின் அலுவலகத்தில்தான் இருக்கிறது. திருப்பிக் கேட்கவில்லை. கல் வைக்கும்போது கை இன்னும் சில நாள் ஸ்டூலுக்கு அடியில் போகிறது.